பின் சீட்டில் உட்கார்ந்து பார்த்த நாள்

லைட்ஹவுஸ் குப்பத்து தேசப்பன் அண்ணன் தன் பழைய அம்பாசடரை என் மெக்கானிக் ஷெட்டில் நிறுத்திவிட்டு, இதை யாருக்காவது தள்ளிவிடு என்றார். உயிராக வைத்திருந்த வண்டி. ஏன் என்று கேட்டேன்.

"கன்னிம்மா இனிமே ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன்னுது. அப்புறம் எனுக்கு இன்னாத்துக்கு காரு?"

கன்னியம்மா அக்கா அவர் மனைவி. சிறுநீரகம் கெட்டுப்போய், வாரம் இரண்டு முறை பொன்னேரிக்கு டயாலிசிஸுக்குப் போய்வந்தார். நிறுத்தினால் என்ன ஆகும் என்று எங்கள் மூவருக்கும் தெரியும்.

அக்கா பின் சீட்டில்தான் இருந்தார். ஏன் இப்படி என்று குனிந்து கேட்டேன்.

"கார்ல ஏறினாலே தலை பாரமாவுது தம்பி, குமட்டுது. போறதுக்குள்ளவே பாதி செத்துடறேன். இந்த ஒடம்பு அவ்ளோதான்."

எனக்குச் சட்டென்று உறைத்தது. சிகிச்சை முடிந்த பிறகு உடம்பு படுத்தினால் நோய் எனலாம். காரில் ஏறியதுமே என்றால்?

பானெட்டைத் திறந்தேன். இரண்டு மாதம் முன்பு, இன்ஜின் புகையை வெளியேற்றும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் விரிசல் விட்டு வண்டி படபடவென்று கத்தியது. பேஸ்ட் அடைத்து, கம்பி சுற்றி அனுப்பியது நான்தான். நான் போட் இன்ஜினில் தொழில் பழகியவன். போட்டில் புகை கசிந்தால் காற்று கொண்டுபோய்விடும். சத்தம் அடங்கினால் வேலை முடிந்தது. காருக்கும் அப்படியே செய்திருக்கிறேன். பேஸ்ட் உதிர்ந்து, விரிசலைச் சுற்றிக் கரி படிந்திருந்தது. இன்ஜினிலிருந்து கேபிள் காருக்குள் நுழையும் ஓட்டையில் ரப்பர் இல்லை; கசிந்த புகை அது வழியாக உள்ளே போயிருக்கிறது. புகை சர்ட்டிஃபிகேட்டில் ஒரு குறையும் இல்லை. அதைப் பின்னால் சைலன்சர் வாயில்தானே அளக்கிறார்கள். அண்ணன் தன் பக்கத்து ஜன்னலைத் திறந்துபோட்டு ஓட்டுவார். அக்காவுக்குக் குளிர் ஆகாது. பின்னால் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் போர்த்திப் படுத்துவிடுவார்.

தப்பு என்னுடையது என்று இருவரிடமும் சொன்னேன். "அப்போ இது என் ஒடம்பு இல்லியா?" என்று அக்கா திரும்பத் திரும்பக் கேட்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அடுத்த டயாலிசிஸுக்கு இரண்டு நாள் இருந்தது. உப்புக் காற்றில் நட்டெல்லாம் இறுகிக் கிடந்தன. சூடு காட்டிக் கழற்றியதில், நட்டு ஏறும் ஸ்டட் ஒன்று உடைந்தது. துளை போட்டு எடுத்து, புது மரை வெட்டினேன். சென்னைக்குப் போய் வேறு மேனிஃபோல்ட் வாங்கிவந்து, புது கேஸ்கெட் வைத்து, பித்தளை நட்டு போட்டு முடுக்கினேன். வால்வ் கவரிலிருந்து ஏர் கிளீனருக்குப் போகும் ஹோஸும் வெடித்திருந்தது; அதிலும் புகை கசியும் என்று மாற்றினேன். ஓட்டைக்கு ரப்பர் போட்டேன்.

பிறகு அண்ணனை ஓட்டச் சொல்லி, அக்காவின் இடத்தில் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு திருப்பாலைவனம் வரை போய்வந்தேன். வேர்த்து ஊற்றியது, ஆனால் தலை வலிக்கவில்லை. அன்றிலிருந்து சத்தத்தை மட்டும் கேட்டு எந்த வண்டியையும் நான் கொடுப்பதில்லை. யார் எங்கே உட்காருவார்கள் என்று கேட்டு, அங்கே உட்கார்ந்து பார்த்த பிறகுதான் சாவி.

மறுநாள் டயாலிசிஸுக்கு அக்காவோடும் போனேன். அவர் படுக்கவே இல்லை. வழி நெடுக அண்ணன் ஓட்டுவதைக் குறை சொல்லிக்கொண்டே வந்தார். அண்ணன் கண்ணைத் துடைத்துத் துடைத்து ஓட்டினார்.

ஆஸ்பத்திரி வாசலில் இறங்கிய அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"அடுத்த வாட்டி நீ வர வேணாம் தம்பி. நானே வந்துக்கறேன்."