சாணி வண்டுக்குத் தள்ளுபடி உண்டா?

ஒன்பது வருடம் நான் சாணி வண்டுகளை ஆராய்ச்சி செய்தேன். இதை யாரிடம் சொன்னாலும் முதலில் என் முகத்தைப் பார்ப்பார்கள், அப்புறம் கையைப் பார்ப்பார்கள். ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்த அம்மாள், விஷயம் தெரிந்ததும் தன் இலையை நைசாக ஒரு சாண் தள்ளிப் போட்டுக்கொண்டார். நைனார்பாளையத்தில் என் மாமியார், மருமகள் என்ன படிக்கிறாள் என்று கேட்பவர்களிடம் "சயின்ஸு" என்று மட்டும் சொல்லிவிட்டு மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார்.

"சாணிதானே பாக்கணும்? நம்ம வூட்ல இல்லாத சாணியா? அதுக்கு எதுக்கு மலைக்கு பஸ் ஏறிப் போற?" என்று ஒருநாள் என்னையே கேட்டார். நியாயமான கேள்வி. அதனால்தான் கோபப்பட்டேன்.

மலை என்றால் கல்வராயன் மலை. வெள்ளிமலையில் இறங்கி இன்னும் மேலே நடந்தால் வரும் ஒரு கிராமத்தில் இரண்டு மாடு வைத்திருந்த ஒருத்திதான் எனக்கு எல்லாம். என் வயதுதான் அவளுக்கும். அவளுடைய மரவள்ளிக் காட்டில் மாடு போட்டுவிட்டுப் போன சாணியைச் சுற்றிக் குச்சி நட்டு, கயிறு கட்டி, எத்தனை வண்டு வருகிறது, எப்படி உருட்டுகிறது, எங்கே புதைக்கிறது என்று நான் நோட்டில் எழுதுவேன். அவள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்று பார்ப்பாள். "கவர்மெண்டு இதுக்கா உனக்கு சம்பளம் குடுக்குது?" என்பாள். இதற்குச் சம்பளமே யாரும் கொடுக்கவில்லை என்று சொல்ல வெட்கமாக இருந்ததால், "ஆமாம்" என்று சொல்லிவைத்தேன்.

கள்ளக்குறிச்சிக்குப் பக்கத்தில் ஒரு கல்லூரியில் நான் தற்காலிக விரிவுரையாளர். டாக்டர் பட்டம் இல்லாவிட்டால் அடுத்த வருடம் வகுப்பு கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். ஆய்வுப் பதிவை இழுத்து இழுத்து, கடைசி நீட்டிப்பும் தீரப்போகிற மாதம் அது. அந்த மாதத்துக்குள் வாய்மொழித் தேர்வு முடியவில்லை என்றால் ஒன்பது வருட உழைப்பும் குப்பைதான்.

பொது வாய்மொழித் தேர்வு என்பதை அறியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். வெளியூரிலிருந்து ஒரு தேர்வாளர் வருவார். ஆய்வாளர் எல்லார் முன்னாலும் நின்று பேச வேண்டும். பிறகு பார்வையாளர்களில் யார் வேண்டுமானாலும் கேள்வி கேட்கலாம். கேட்டே ஆகவேண்டும் என்றுகூடச் சொல்லலாம், ஏனென்றால் யார் என்ன கேட்டார் என்று படிவத்தில் எழுத வேண்டும். ஆனால் உலகத்தில் எவன் சொந்தச் செலவில் பஸ் ஏறி வந்து சாணி வண்டைப் பற்றிக் கேள்வி கேட்பான்? அதனால் எங்கள் கல்லூரியில் ஒரு வழக்கம். உன் தேர்வுக்கு நான் வந்து கேட்கிறேன், என் தேர்வுக்கு நீ வந்து கேள். கேள்வியை ஆய்வாளரே துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்துவிடுவார். பேர் கூப்பிட்டதும் எழுந்து, சீட்டைப் பிரித்து, படித்துவிட்டு உட்கார வேண்டியது. அப்புறம் கேசரி, போண்டா, காபி.

இந்த வழக்கத்தின் புண்ணியத்தில் நான் கேட்காத கேள்வி இல்லை. கபடி வீரர்களின் மூச்சுத்திறன் பற்றிக் கேட்டிருக்கிறேன். வாழைத்தோலிலிருந்து நுண்துகள் எடுப்பதைப் பற்றிக் கேட்டிருக்கிறேன். சங்க இலக்கியத்தில் உப்பு, வரைபடக் கோட்பாட்டில் ஏதோ ஒரு எண், கிராம வங்கிகளில் வாராக்கடன், எல்லாவற்றிலும் என் குரல் ஒலித்திருக்கிறது. பதில் எதுவும் எனக்குப் புரிந்ததில்லை. ஆனால் தலையை ஆட்டி, "நன்றி சார், தெளிவாயிட்டுது" என்று சொல்வதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது.

என் தேர்வு நாளிலேயே என் நண்பர் வணிகவியல் சாருக்கும் தேர்வு. காலையில் எனக்கு, மதியம் அவருக்கு. அவருடைய தலைப்பு, கள்ளக்குறிச்சி வட்டாரத்துப் பெண்கள் பட்டுப்புடவை வாங்கும் மனப்போக்கு. அரங்கம் ஒன்று, சமையல் ஒன்று என்பதால் பேனரும் ஒன்றே போதும் என்று அவர் முடிவு செய்துவிட்டார். வாசலில் எங்கள் இரண்டு பேர் படமும் அருகருகே, நடுவில் ரோஜாப்பூ, கீழே "வாழ்த்தி மகிழும் நண்பர்கள்". என் கணவர் அதன் முன்னால் ரொம்ப நேரம் நின்றுகொண்டிருந்தார்.

துண்டுச்சீட்டுகளை விநியோகிக்கும் பொறுப்பைத் தமிழ்த்துறை மேடம் ஏற்றுக்கொண்டார். பொறுப்பானவர்தான். ஆனால் என் சீட்டுகளும் வணிகவியல் சாரின் சீட்டுகளும் ஒரே மாதிரி இரண்டு பழுப்பு உறைகளில் அவர் கைப்பையில் கிடந்தன. மேலே ஒன்றும் எழுதவில்லை. எடுத்தார், கொடுத்தார். வாங்கியவர்கள் மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்கள். முன்கூட்டியே பிரித்துப் பார்க்கும் கெட்ட பழக்கம் எங்களில் ஒருத்தருக்கும் இல்லை.

நான் முக்கால் மணி நேரம் பேசினேன். தேர்வாளர் தெற்கத்திக்காரர், சிரிக்கவே மாட்டேன் என்று சத்தியம் செய்துவிட்டு வந்தவர்போல இருந்தார். அவர் கேட்ட நான்கைந்து கேள்விகளுக்கும் ஒழுங்காகவே பதில் சொன்னேன். என் நெறியாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் துடைத்தால் நிம்மதி என்று அர்த்தம். கடைசி வரிசையில் என் மலைக்காரியும் இருந்தாள். மிக்ஸி ஜாரை ரிப்பேருக்குக் கொண்டுவந்தவளை, சாப்பாடு போடுகிறேன் என்று அழைத்திருந்தேன். ஜாரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"பார்வையாளர்கள் கேட்கலாம்" என்றார் தேர்வாளர்.

முதலில் உடற்கல்வி சார் எழுந்தார். மைதானத்தில் கத்திப் பழகிய குரல். "மேடம், உங்க ஆய்வுப்படி வாடிக்கையாளர்கள் ஒரு கடையைத் தேர்ந்தெடுப்பதற்கு முக்கியக் காரணம் எது? விலையா? தரமா?"

வாடிக்கையாளரா? என் முதுகுக்குப் பின்னால் திரையில் ஒரு வண்டு சாணி உருண்டையோடு நின்றுகொண்டிருக்கிறது. நெறியாளர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். ஒன்பது வருடம் கண் முன்னால் ஓடியது. வாய் தானாகப் பேசியது.

"தரம்தான் சார். புதுசா இருக்கணும். சூடு ஆறதுக்குள்ள கூட்டம் வந்துடும். காஞ்சு போச்சுன்னா ஒருத்தரும் எட்டிப் பாக்க மாட்டாங்க."

"நன்றி மேடம், தெளிவாயிட்டுது" என்று உட்கார்ந்தார் அந்தப் பாவி.

நான் பதில் சொல்லிவிட்டதால் மற்றவர்களுக்கும் துணிச்சல் வந்துவிட்டது. கணிதத்துறை மேடம் எழுந்து, "பெண்கள் தனியாக வந்து முடிவெடுக்கிறார்களா, கணவரோடு வருகிறார்களா?" என்றார்.

"ஜோடியா வர்றதும் உண்டு மேடம். பெரும்பாலும் ஆண்தான் உருட்டும். பெண் அதுமேல உக்காந்துகினு வரும்."

இது சத்தியமான உண்மை. சில இனங்களில் அப்படித்தான். அரங்கத்தில் பெண்கள் பக்கம் சிரிப்பு அடங்க நேரமாயிற்று. தமிழ்த்துறை மேடமே தன் சீட்டைப் பிரித்து, பண்டிகைக் காலத்தில் விற்பனை எப்படி என்று கேட்டார். முதல் மழைதான் நமக்குப் பண்டிகை என்றேன். அப்போதும் அவருக்கு உறைக்கவில்லை, எதையோ குறித்துக்கொண்டார்.

கடைசியாக இயற்பியல் சார். "தள்ளுபடி அறிவிப்பு எந்த அளவுக்குத் தாக்கம் ஏற்படுத்துகிறது?"

தள்ளுபடி! எவ்வளவோ யோசித்தேன். சாணியில் எங்கே போய்த் தள்ளுபடியைத் தேடுவது? "தள்ளுபடி... இல்லீங்க சார்" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

தேர்வாளர் பேனாவை மூடினார். "அந்தச் சீட்டைக் கொண்டாங்க." இயற்பியல் சார் கொண்டுபோய்க் கொடுத்தார். அவர் அதைப் படித்தார், திருப்பி, பின்னால் எழுதியிருந்த தலைப்பையும் படித்தார். "பட்டுப்புடவை" என்று மெதுவாகச் சொன்னார். பின்வரிசையில் வணிகவியல் சார், "ஐயோ, என்னுது!" என்று கத்திவிட்டார்.

"இதுதான் உங்க ஊர்ல பொதுத் தேர்வா?" என்றார் தேர்வாளர். "நான் கையெழுத்துப் போட முடியாதும்மா. சீட்டு இல்லாம, இந்த ஆய்வைப் பத்தி, ஒரே ஒருத்தர் ஒரு கேள்வி கேட்கட்டும். அப்புறம் பார்க்கலாம்."

அரங்கத்தில் அறுபது பேர் இருந்திருப்பார்கள். எல்லாரும் எம்.ஏ., எம்.எஸ்ஸி., எம்.பில். ஒரு வாய் திறக்க வேண்டுமே! அத்தனை பேரும் தரையைப் பார்த்தார்கள். என் கணவர் மட்டும் எழுந்தார். என்ன கேட்பது என்று தெரியாமல் உட்கார்ந்துவிட்டார். அந்த நிமிடம் அவர் மேல் எனக்கு வந்த பிரியத்தை இப்போதுதான் வெளியில் சொல்கிறேன்.

"நான் கேக்கலாங்களா?" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. மிக்ஸி ஜாரோடு எழுந்து நின்றாள். தேர்வாளர், "கேளுங்கம்மா" என்றார்.

"இந்த டீச்சரு எங்க காட்லதான் குச்சி நட்டுகினு குந்தினு இருக்கும். அப்பல்லாம் சாணி போட்டா சாயந்தரம் பாத்தா இருக்காது, வண்டு இழுத்துகினு பூடும். இப்ப மாட்டுக்கு உண்ணி ஜாஸ்தியாச்சுன்னு ஊசி போடறோம். அதுலேர்ந்து சாணி போட்ட எடத்துலயே வரட்டி மாதிரி காயுது. ஈ மொய்க்குது. ஒரு வண்டும் வர்றதில்ல. ஏன் வர்றதில்ல? அதச் சொல்லு."

நான் கடைசியாக மலை ஏறி இரண்டு வருடம் ஆகியிருந்தது. அந்த இரண்டு வருடமும் வீட்டில் உட்கார்ந்து, ஆய்வேட்டின் பக்கங்களில் ஓரத்துக்கு எவ்வளவு இடம் விடுவது, அட்டை பச்சையா நீலமா என்று மண்டையை உடைத்துக்கொண்டிருந்தேன். ஊசி என்ற சொல்லே என் ஆய்வேட்டில் எங்கும் கிடையாது. என் வண்டுகள் என்னிடம் சொல்லாமலே போயிருந்தன. துண்டுச்சீட்டு அம்பலமானபோதுகூட இவ்வளவு அவமானமாக இல்லை.

"தெரியல" என்றேன்.

"தெரியலயா? இத்தினி வருசம் இன்னாதான் பாத்த?"

"எப்படிக் கண்டுபிடிப்பீங்க?" என்று தேர்வாளர் குறுக்கிட்டார்.

ஊசி போட்ட மாட்டின் சாணியையும் போடாத மாட்டின் சாணியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம் என்றேன். "எனக்கு ரெண்டு மாடுதான், ரெண்டுக்கும் ஊசி போட்டாச்சு" என்றாள் அவள். பக்கத்து வீட்டு மாடு என்றேன். "அவன் ஊசி போடறதில்ல, ஆனா அவன் வூட்டோட பேச்சுவார்த்தை இல்ல, சாணி இன்னா, தண்ணி கூடக் குடுக்க மாட்டான்." அப்படியானால் மேய்கிற இடத்தில் கேட்காமல் எடுக்கலாம் என்றேன். "எடுத்தா பஞ்சாயத்தாயிடும்" என்றாள். இரண்டு சாணியும் ஒரே அளவில் இருக்க வேண்டாமா என்று தேர்வாளர் கேட்க, "அத மாட்டாண்ட போய்ச் சொல்லுங்க" என்று அவரையும் மடக்கினாள். சத்தியத்தை மறந்து அந்த மனிதர் சிரித்தார். இருபது நிமிடம் நாங்கள் மூன்று பேரும் சண்டை போட்டோம். அறுபது பேரும் போனைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்கள். பிறகு தேர்வாளர் படிவத்தை இழுத்து, கேள்வி கேட்டவர் என்ற இடத்தில் அவள் பேரை அவரே எழுதி, கையெழுத்துப் போட்டார். நான் டாக்டரானேன். நெறியாளர் அழுதார். நானும் வெட்கமில்லாமல் அழுதேன்.

மதியம் வணிகவியல் சாருக்குச் சீட்டே தேவைப்படவில்லை. சமையல்கார அம்மாக்கள்வரை உள்ளே வந்து பட்டுப்புடவையைப் பற்றிக் கேட்டார்கள். சாயம் ஏன் போகிறது என்று ஆரம்பித்தது, விடவேயில்லை. மனிதர் நொந்துபோய் இறங்கினார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் மலையில் இருந்தேன். பக்கத்து வீட்டு மாடு மேய்ந்த இடத்திலிருந்து அவள் முறத்தில் திருடிக்கொண்டு வந்த சாணி ஒன்று. அவள் மாட்டுச் சாணி ஒன்று. நடுவில் ஐந்தடி. எங்கள் இரண்டு பேருக்கும் வண்டுப் பைத்தியம் என்று ஊரில் பேராகிவிடக் கூடாது என்பதற்காகக் குடையை விரித்துப் பின்னால் மறைந்து உட்கார்ந்தோம். ஏழு மணிக்கு உட்கார்ந்தவர்கள் பத்து மணிவரை ஈயைத்தான் பார்த்தோம்.

பத்து மணிக்கு மேல் ஒரே ஒரு வண்டு ரீங்காரம் போட்டுக்கொண்டு வந்தது. அவள் என் தொடையைக் கிள்ளினாள். வண்டு அவள் சாணிக்கு மேலே ஒரு சுற்றுச் சுற்றியது. அப்புறம் நேராகப் பக்கத்து வீட்டுச் சாணியில் போய் இறங்கியது.

"த்தூ! அவன் வூட்டுதுக்குப் போவுது பாரேன்!" என்று அவள் எழுந்தே விட்டாள். எனக்கோ சந்தோஷம். சத்தம் போடாமல் குதித்தேன். ஒரு வண்டை வைத்துக்கொண்டு எதையும் சொல்லிவிட முடியாது, இன்னும் நிறைய நாள் பார்க்க வேண்டும் என்று அவளுக்கு விளக்க ஆரம்பித்தேன்.

அவள் கேட்கவில்லை. தன் மாட்டின் சாணியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஊசி போடலன்னா மாட்டு ரத்தத்த உண்ணி குடிச்சிடுது. போட்டா காட்டுக்கு வண்டு இல்ல. நாளான்னிக்கு மறுபடி ஊசி போடற நாளு. போடவா, வாணாமா? இப்ப நீ டாக்டராச்சே, சொல்லு."

நான் நோட்டைத் திறந்து முதல் பக்கத்தில் அந்தக் கேள்வியை எழுதினேன். அவள் பக்கத்திலேயே நின்று, பதிலுக்காகக் காத்திருந்தாள்.