வாளிகளுக்கு ஒரு வீடு

ஒரு பொருள் எந்தக் கணத்தில் கட்டடம் ஆகிறது? கல்லூரியில் குடியிருப்புச் சட்டங்கள் பற்றிய வகுப்பில் இந்தக் கேள்வி எழுந்தபோது, உடன் படித்தவர்கள் அஸ்திவாரம் என்றார்கள், கூரை என்றார்கள், அனுமதி என்றார்கள். எல்லாமே மதிக்கத்தக்க பதில்கள். நானோ அந்தக் கேள்வியைச் சிறுமியாக இருந்தபோதே, மும்பை செம்பூரில் எங்கள் வீட்டு ஹாலில், நேருக்கு நேர் சந்தித்துவிட்டவள். அதற்குப் பச்சை நிறத்தில் ஒரு கூரையும் பூட்டு மாட்டத் தோதான ஒரு கதவும் இருந்தன.

அப்பாவும் சித்தப்பாவும் சேர்ந்து பிளாஸ்டிக் சாமான் கடை வைத்திருந்தார்கள். பிளாஸ்டிக்கின் பின்விளைவுகள் குறித்து இன்று எனக்குத் தெளிவான கருத்துகள் உண்டு. என்னைப் படிக்க வைத்தவை வாளிகளும் மக்குகளும்தான் என்பதால், அவற்றை இங்கே விரித்துரைப்பது நன்றிகெட்ட செயலாகும். எங்களுடையது வரிசை வீடுகளில் ஒன்று. ஒரு ஹால், ஓர் உள்ளறை, ஓர் அடுக்களை. பின்னால், அந்தப் பகுதியில் பலருக்கும் வாய்க்காத பேறாக, மதில் வைத்த சிறு புறவாசல். உள்ளறையில் மனிதர் யாரும் வசிக்கவில்லை. ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகப்பட்ட வாளிகள் விட்டம் வரை எழும்பி அங்கே குடியிருந்தன. அந்த அறைக்கு ஒரு கதவு உண்டு என்பதையே நான் அறியாதிருந்தேன். சரக்கு வழிமறித்ததால் அது என் நினைவு தெரிந்து மூடப்பட்டதே இல்லை.

அந்த வைகாசியில் சித்தப்பாவுக்குக் கல்யாணம் ஆயிற்று. ஊரிலிருந்து வந்த சித்தி ஹாலில் எனக்கும் அம்மாவுக்கும் நடுவே படுத்துக்கொண்டார். அப்பா வாசல் பக்கம். சித்தப்பா, திருடர் பயம் அதிகமாகிவிட்டதென்று சொல்லி, கடையிலேயே படுத்தார். எனக்கு இந்த ஏற்பாடு மிகவும் பிடித்திருந்தது. சித்தி தூங்கும்வரை ஊர்க் கதைகள் சொல்வார். அவ்வப்போது பெருமூச்சும் விடுவார். அதை நான் கதையின் பகுதியாகவே எடுத்துக்கொண்டேன்.

ஆடி பிறக்குமுன், புதுப்பெண்ணுக்குரிய வழக்கப்படி, சித்தியை அவருடைய அப்பா வந்து ஊருக்கு அழைத்துப் போனார். ஒரு வாரத்தில் சித்தியின் அப்பா தொலைபேசியில் என் அப்பாவை அழைத்தார். கை வேலையாக இருந்ததால் அப்பா ஸ்பீக்கரில் போட்டார். வீடு முழுக்கக் கேட்டது.

"மூத்த மாப்ள, தப்பா எடுத்துக்கிடாதீய. நான் ஒண்ணும் பங்களா கேக்கல. எம் புள்ளைக்கு ஒரு கதவு கேக்கேன். அவ்வளவுதான். அது இருந்தா ஆவணி பொறந்ததும் கொண்டாந்து விடுதேன். இல்லன்னா அவ இங்கன கொஞ்ச நாள் இருந்துட்டு வரட்டும்."

"கொஞ்ச நாள்னா எவ்வளவு நாள் மாமா?"

"கதவு வார வரைக்கும்."

சித்தப்பா முகம் காய்ந்த சாந்து மாதிரி ஆகிவிட்டது. சித்திக்கு இடம் வேண்டும் என்று அம்மா எனக்கு விளக்கினார். சித்தி மிகவும் ஒல்லி. பாயில் அவர் எடுத்துக்கொண்ட இடத்தைவிட நான் எடுத்துக்கொண்ட இடம் அதிகம். அவருக்கு இன்னும் எதற்கு இடம் என்று எனக்கு விளங்கவில்லை.

முடிவு எளிதாகத்தான் இருந்தது. உள்ளறையிலிருந்த சரக்கைப் புறவாசலுக்கு மாற்ற வேண்டும். புறவாசலில் அதற்கொரு ஷெட் வேண்டும்.

"ஏங்க, வாளி மழையில நனஞ்சா என்ன ஆவும்? தண்ணி பிடிக்கத்தானே வாளி?" என்று அம்மா கேட்டார்.

"நனஞ்ச வாளிய எவன் புது வாளின்னு வாங்குவான்?" என்றார் அப்பா. வியாபாரத்தின் ஆழம் தெரியாதவர்களிடம் பேசும்போது அவருக்கு வரும் பொறுமை அந்தக் குரலில் இருந்தது.

பக்கத்திலிருந்த குர்லாவில் தகர ஷெட் செய்யும் பட்டறைகள் இருந்தன. ஆனால் தகரத்தை வெல்டிங் செய்தால் பொறி பறக்கும், சத்தம் வரும், பக்கத்து வீட்டு மராத்திப் பெரியவர் மதிலுக்கு மேல் தலையை நீட்டுவார். அவர் அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். யாரோ போட்ட வெயில் மறைப்பைப் பற்றி மாநகராட்சி வார்டு அலுவலகத்துக்கு அவர்தான் எழுதிப் போட்டார் என்று ஒரு பேச்சு இருந்தது. ஆகவே பிளாஸ்டிக் ஷெட் என்று தீர்மானமாயிற்று. அதில்தான் அப்பா தம் வாழ்வின் முக்கியமான கொள்கையை வகுத்தார்.

"கட்டுனாத்தாம்லே கட்டடம். தூக்கி வச்சா அது சாமான். சாமானுக்கு எவன் பெர்மிஷன் கேப்பான்?"

"எக்தம் சரிண்ணே, நூத்துக்கு நூறு" என்றார் சித்தப்பா. அந்த மாதத்தில் யார் எதைச் சொன்னாலும் அவர் அப்படித்தான் சொன்னார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் குர்லாவுக்குப் போனோம். கடைக்காரர் இரண்டு மாதிரிகளை நிறுத்தி வைத்திருந்தார். ஒன்று தட்டைக் கூரை, சாம்பல் நிறம். மற்றது இருபுறமும் சாய்ந்த பச்சைக் கூரை, வெள்ளைச் சுவர், பக்கவாட்டில் கைக்குட்டை அளவுக்கு ஒரு ஜன்னல். அப்பா இரண்டையும் விரல் முட்டியால் தட்டிக் காதைக் கொடுத்துக் கேட்டார். நகத்தால் கீறினார். முகர்ந்தார். பிளாஸ்டிக் சரக்கு புது மாலா, பழசை உருக்கின மாலா என்று கடைக்காரரை இந்தியில் குறுக்கு விசாரணை செய்தார். கடைக்காரர் தம் தாயார் மேல் சத்தியம் செய்தார். அப்பா திருப்தியடையாமல் மறுபடியும் முகர்ந்தார்.

நான் ஜன்னல் வைத்ததுதான் வேண்டும் என்றேன். வாளிகளுக்கு ஜன்னல் எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. சித்தப்பா மட்டும் அந்த ஷெட்டின் கதவைத் திறந்து மூடினார், மறுபடி திறந்து மூடினார். "நல்லா மூடுதுண்ணே" என்றார். அதையே வாங்கினோம்.

ஷெட் ஒரு நீளமான அட்டைப்பெட்டியில் தட்டையாக வந்து சேர்ந்தது. ஆடி கடைசி நாள். வெளியே மும்பைக்கே உரிய மழை, நாட்கணக்கில் விடாமல் கொட்டிக்கொண்டிருந்தது. புறவாசலில் வைத்துப் பாகங்களைப் பூட்டினால் நனையவும் வேண்டும், பெரியவர் பார்க்கவும் பார்ப்பார். கொள்கைப்படியும் அது கட்டுவதாகிவிடும். எனவே ஹாலிலேயே முழுதாகப் பூட்டி, ஒரே தூக்காகப் புறவாசலில் கொண்டுபோய் வைப்பது என்று அப்பா அறிவித்தார்.

"ஏங்க, புறவாசக் கதவு வழியா அது போவுமா?"

"இந்தா, பெட்டி எந்த வாசல் வழியா வந்துச்சு?"

"முன்வாசல் வழியா."

"ரெண்டு வாசலும் ஒரே அளவுதானே? பெட்டி நுழைஞ்ச வாசல்ல பெட்டிக்குள்ள இருந்தது நுழையாதா?"

அம்மா உள்ளறைச் சரக்கை எடுக்கப் போனார். வாளிகளும் குடங்களும் ஹாலின் ஓரங்களில் கோபுரங்களாக எழும்பின. நடுவில் ஷெட்டுக்கான களம் விடப்பட்டது.

செய்முறைத் தாளில் எழுத்தே இல்லை. படங்கள் மட்டும் இருந்தன. தொப்பி அணிந்த ஒரு வெள்ளைக்காரர் புல்தரையில் தனியாளாக நின்று, சிரித்தபடியே எல்லாவற்றையும் செய்து முடிக்கிறார். "இவனுக்குப் புல்லு இருக்கு, நமக்கு இல்ல. வேற என்ன வித்தியாசம்?" என்று சித்தப்பா தைரியம் சொல்லிக்கொண்டார். சுவர்ப் பலகைகள் ஒன்றோடொன்று கிளிப்பால் மாட்டிக்கொள்ளும் வகை. அழுத்தினால் டக்கென்று ஒரு சத்தம், வேலை முடிந்தது. வேண்டாமென்றால் கழற்றியும் விடலாம். அதுதான் அப்பாவை உறுத்தியது.

"கிளிப்ப நம்பாத. பிளாஸ்டிக்க நம்பு" என்றார். கடையில் விரிசல் விட்ட வாளிகளைச் சூடு வைத்து ஒட்டுவதற்கு அவரிடம் ஒரு மின்சாரச் சூட்டுக்கோல் இருந்தது. அதைக் கொண்டுவந்து, மாட்டிய ஒவ்வொரு இணைப்பையும் உருக்கி ஒன்றாக்கினார். வீடு முழுக்கப் புகை. நாங்கள் இருமினோம். அவர் மட்டும் கோயில் கருவறையில் நிற்பவர் போலப் பயபக்தியுடன் உருக்கிக்கொண்டே போனார்.

"நாளப்பின்ன இத எப்படிக் கழட்ட?" என்று அம்மா கேட்டார்.

"கழட்டுத மாதிரி வேலைய நான் செய்யவே மாட்டேன்."

அந்தி சாய்வதற்குள் வீட்டுக்குள் ஒரு வீடு நின்றது. உள்ளபடியே மிக அழகாக இருந்தது. நான் உள்ளே போய் ஜன்னல் வழியாக அம்மாவுக்குக் கையசைத்தேன்.

தூக்கும் படலம் தொடங்கிற்று. சித்தப்பா ஷெட்டுக்குள் நுழைந்து உள்ளிருந்து தூக்கினார். வெளியிலிருந்து பார்க்க, பச்சைக் கூரையும் இரண்டு கால்களும் கொண்ட ஏதோவொரு பிராணி ஹாலில் தள்ளாடி நடப்பது போலிருந்தது. "வலது பக்கம்லே! ஏலே, உன் வலது இல்ல, என் வலது!" என்று அப்பா வழிநடத்தினார். புறவாசல் கதவில் அது நேராக நுழையவில்லை. பக்கவாட்டில் நுழையவில்லை. சாய்த்துப் படுக்க வைத்தபோது கூரையின் முனை மட்டும் வெளியே போய் மழையில் நனைந்தது. உடல் இந்தப் பக்கமே நின்றது. முன்வாசலுக்குத் தூக்கிப் போனார்கள். அப்பா சொன்னபடி இரண்டு வாசலும் ஒரே அளவுதான்.

மறுபடி புறவாசலில் சாய்த்து முட்டிக்கொண்டிருந்தபோது மதிலுக்கு மேல் ஒரு குடை தோன்றியது. குடைக்குக் கீழே மராத்திப் பெரியவர்.

"அரே, யே க்யா ஹை?" என்ன இது என்று கேட்டார்.

"அல்மாரி" என்றார் அப்பா.

அலமாரிக்குச் சாய்ப்புக் கூரை எதற்கு என்று அவர் யோசிப்பது முகத்தில் தெரிந்தது. பிறகு, இந்தியில், மிகுந்த அனுதாபத்தோடு சொன்னார்: பிளாஸ்டிக் பெட்டிதானே, இதை வெளியிலேயே வைத்துப் பூட்டியிருந்தால் யார் என்ன சொல்லப்போகிறார்கள்? கேட்டிருந்தால் தார்ப்பாய்கூடத் தாமே தந்திருப்பாராம். அப்பா அவருக்கு நன்றி சொன்னார். அப்பா அவ்வளவு மெல்லிய குரலில் பேசி நான் அதற்குமுன் கேட்டதில்லை.

ஷெட் ஹாலின் நடுவுக்கே திரும்பி வந்தது. கழற்றலாமென்று சித்தப்பா ஓர் இணைப்பைப் பிடித்து இழுத்தார். அப்பாவின் வேலை அசையவில்லை. சித்தப்பா அதன் நிலைப்படியில் உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டார். "அவ வரமாட்டா மதினி. அவிய அப்பா இதப் பாத்தா அனுப்பவே மாட்டாவ." அம்மா அவருக்குத் தேநீர் கொண்டுவந்து கொடுத்தார். அறுக்கும் ரம்பம் யாரிடம் கிடைக்கும் என்று நாளைக்கு விசாரிக்கலாம் என்றார்.

விசாரிக்க நேரம் கிடைக்கவில்லை. ஷெட் வாங்கிய அன்றே, கதவுக்கு ஏற்பாடாகிவிட்டது என்று சித்தப்பா ஊருக்குத் தொலைபேசியில் சொல்லியிருந்தார். ஆவணி பிறந்ததும் என்று சித்தியின் அப்பா சொன்னதை நாங்கள் உத்தேசமாக எடுத்துக்கொண்டிருந்தோம். அவர் உத்தேசமாகப் பேசும் மனிதர் அல்லர். மறுநாள் காலையில், மகளோடும் ஒரு கூடை வாழைப்பழத்தோடும் தாதர் ரயில் நிலையத்தில் இறங்கி, டாக்ஸி பிடித்து வந்து, வாசலில் நின்றார்.

கோபுரங்களாக வாளிகள். அவற்றின் நடுவே பச்சைக் கூரையும் சிறு ஜன்னலும் கதவுமாக ஒரு குடில். அவர் செருப்பைக் கழற்றினார். குடிலை ஒரு சுற்று வந்தார். கதவைத் திறந்து, தலை குனிந்து உள்ளே போய், கொஞ்ச நேரம் நின்றார். ஜன்னல் வழியாக அவருடைய மீசை தெரிந்தது. வெளியே வந்தபோது கண் கலங்கியிருந்தது.

"மாப்ள, நான் கதவு கேட்டது வாஸ்தவந்தான்" என்றார் சித்தப்பாவிடம். "அதுக்குன்னு எம் புள்ளைய இதுக்குள்ளயா குடி வைக்கப் போறீய?"

சித்தப்பா அண்ணனைத் திரும்பிப் பார்த்தார். அப்பாவோ, வேறெதுவும் தோன்றாமல், "புது மால் மாமா" என்றார்.

"மூத்த மாப்ள, அவ மனுசி!"

அந்த நேரத்தில் அவருக்குப் பின்னால் ஒரு தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது. எல்லோரும் திரும்பினோம். காலியான உள்ளறையின் கதவு மூடியிருந்தது. சித்தியைக் காணவில்லை. மீண்டும் தாழ்ப்பாள் சத்தம். கதவு திறந்தது. அங்கே நின்ற சித்தி யார் முகத்தையும் பார்க்காமல் சிரிப்பை விழுங்கிக்கொண்டிருந்தார்.

"அப்பா, அது வாளிக்கு. எனக்கு இது."

பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "அக்கா, அந்த வாளிய எடுத்துக் குடுங்க" என்று அம்மாவிடம் கை நீட்டினார். ரம்பத்தின் பேச்சை அதன்பின் யாரும் எடுக்கவில்லை. மதியத்துக்குள் சரக்கு முழுவதும் ஷெட்டுக்குள் ஏறிவிட்டது. சித்தியின் அப்பா பழம் உரித்தபடி ஷெட்டைத் தட்டிப் பார்த்தார்.

"மழைக்குத் தாங்குமா?"

"பத்து வருச கேரண்டி மாமா. ஒரு சொட்டு இறங்காது" என்றார் அப்பா. ஹாலின் விட்டத்தை யாரும் அண்ணாந்து பார்க்கவில்லை.

ஷெட் எடுத்துக்கொண்டது போக, ஹாலில் மிஞ்சிய இடம் எனக்கும் அம்மாவுக்கும் போதுமானதாக இருந்தது. அப்பா பக்கத்து வீட்டுக்குப் போய்ப் பெரியவரிடமிருந்து நீலத் தார்ப்பாயை வாங்கி வந்தார். மதிலிலிருந்து சுவர்வரை அதைக் கட்டி, அடியில் ஒரு மடக்குக் கட்டிலைப் போட்டார். புறவாசலில் காற்று நன்றாக வருகிறது என்றும், இத்தனை நாள் இது தெரியாமல் போயிற்றே என்றும் எங்கள் எல்லோரிடமும் தனித்தனியாகச் சொன்னார். அம்மா வீட்டிலிருந்த நல்ல கம்பளியைக் கொண்டுபோய்க் கட்டிலில் போட்டார். நான் அப்பா சொன்னதை அப்படியே நம்பி, காற்று எங்களுக்கு இல்லையா என்று பொறாமைப்பட்டேன். சித்தி என் பக்கத்தில் படுக்காமல் போனதில் எனக்கு வருத்தமும் இருந்தது. சித்தப்பாவின் திருடர் பயம் மட்டும் ஒரே நாளில் எப்படித் தீர்ந்தது என்பதை நான் கேட்கவில்லை.

அடுத்த வருடம் சித்திக்கு மகன் பிறந்தான். இடம் இல்லை, இடம் இல்லை என்று அத்தனை பாடுபட்டவர்கள், கொஞ்சம் கிடைத்ததுமே அதில் இன்னொரு ஆளைக் கொண்டுவந்து சேர்த்துவிட்டார்களே என்று எனக்குப் பெரிய ஆச்சரியம். அதைச் சத்தமாகச் சொன்னபோது அம்மா என் தலையில் குட்டினார். எதற்கு என்று அன்று தெரியவில்லை.

அந்த ஆவணியிலிருந்து எங்கள் வீட்டில் வாளிகள் உள்ளே நனையாமல் இருந்தன. அப்பா வெளியே படுத்தார்.