தேவகிருபையால் ஓர் அரசன்

குகதாசனுக்கும் அரச வம்சத்துக்கும் இருந்த ஒரே தொடர்பு பிரிட்டிஷ் பாஸ்போர்ட் அட்டையிலிருந்த அரச முத்திரைதான். அதுவும் பாரிஸில் ஒன்பது வருடம் கோப்பை கழுவி, பிறகு லண்டன் குரோய்டன் குடிவரவு அலுவலக வாசலில் கால்கடுக்க நின்று கிடைத்தது.

அப்படிப்பட்டவர் நோர்பரி வீட்டு ஹோலில் ஒரு ராசாவை மாட்டினார். பழைய சாமான் சந்தையில் வாங்கிய செப்புத்தகட்டு அச்சுப் படம். தோளில் புரளும் சுருள் பொய்முடி, இரும்புக் கவசம், அதற்கு மேல் லேஸ். சண்டைக்குப் போகிறாரா கலியாணத்துக்குப் போகிறாரா என்பது ராசாவுக்கே வெளிச்சம். "இங்கிலாந்து மகாராசா" என்றார் குகதாசன். அது பிரான்ஸின் பதினான்காம் லூயி. ஒன்பது வருடம் அந்த நாட்டில் இருந்தவருக்கு அங்கத்தைய கோப்பைகளை மட்டும்தான் தெரியும்.

எல்லாம் மகள் பிரியம்வதாவுக்காக. முப்பத்தொரு வயது, மருந்தாளர், ஐந்து சம்பந்தம் தட்டிப்போய்விட்டது. ஆறாவது, மனோர் பார்க் வைத்தியநாதன் குடும்பம். பரம்பரைச் சைவம், கோயில் திருவிழாச் செலவை ஏற்கும் உபயகாரர். இதுவும் போனால் குகதாசன் தாங்கமாட்டார். வெறும் சுவரைக் காட்டியா சம்பந்தம் பேசுவது?

படத்தின் அடியில் லத்தீனில் ஒரு வரி. மகளைப் போனில் அர்த்தம் தேடித் தமிழில் எழுதித் தரச்சொல்லிப் பாடமாக்கினார். வந்தவர்கள் கைக்குத் தேநீர் போனதும் எழுந்து நின்றார்.

"இதிலை என்ன எழுதிக் கிடக்கெண்டால், 'தேவகிருபையால் அரசன்'!"

வைத்தியநாதனின் கையில் வடை அப்படியே நின்றது. படத்தின் நீளமுடியைப் பார்த்தார். ராசாவுக்கென்று குகதாசன் பூட்டிய குட்டி விளக்கையும் பார்த்தார்.

"நீங்கள் வேதமோ?"

கிறிஸ்தவர்களோ என்பதை யாழ்ப்பாணத்தார் இப்படித்தான் கேட்பார்கள். சைவக்காரர் வாயில் 'கடவுள்' வரும், 'சிவசிவா' வரும், 'தேவகிருபை' வராது. குகதாசன் தலைகீழாக நின்று பார்த்தார். ஒரு தேவாரம்கூடப் பாடினார். அது இரண்டாம் அடியில் தடக்கியது. அவர்கள் தேநீரை வைத்துவிட்டு எழுந்து போனார்கள்.

குகதாசன் மகள்மேல் பாய்ந்தார். "'கடவுள் அருளால்' எண்டு எழுதினால் கை முறிஞ்சிடுமோ? உந்தச் சொல்லை எங்கை படிச்சனீ?"

"ஷெறோன்ரை அம்மா சாப்பிட முன்னம் செபத்திலை சொல்லுறவா, அப்பா."

"ஆர் அவன் ஷெறோன்?"

"என்னோடை வேலை செய்யிறவர். எனக்கு ஞாயிற்றுக்கிழமை ஷிப்ட் இல்லை, அப்பா. ரண்டு வருஷமா அவையள் வீட்டிலைதான் சாப்பிடுறனான்."

பிரியம்வதா ஆறிய கோப்பைகளை ஒவ்வொன்றாக எடுத்தாள்.

"நான் சைவம் எண்டு அவையளுக்கு முதல் நாளே தெரியும். இண்டைவரைக்கும் ஒருத்தரும் பாதியிலை எழும்பிப் போகேல்லை."