நான் சொன்ன ‘வாரேன்’

எங்கள் ஊரில் யாரும் ‘போறேன்’ என்று சொல்லி விடைபெறுவதில்லை. அபசகுனம். டீக்கடையிலிருந்து கிளம்பினாலும் ‘வாரேன்’, துக்க வீடு தவிர எந்த வீட்டிலிருந்து கிளம்பினாலும் ‘வாரேன்’. வருகிறேன் என்பதற்கும் அதே ‘வாரேன்’தான். இந்த ஒரு சொல்லில் தடுக்கி விழுந்து, மார்கழிக் குளிரில் பதினெட்டு கிலோமீட்டர் ஓடியவன் அநேகமாக நான் ஒருவன்தான்.

ஒத்தக்கடையில் எங்கள் தெருவில், நாலு வீடு தள்ளி ஒரு தம்பி இருக்கிறார். கல்லூரியில் கணக்கு வாத்தியார், ஓட்டப் பைத்தியம். ஒரு சனிக்கிழமை சாயங்காலம், மறுநாள் கால்வாய்க் கரையோரமாக ஒன்பது கிலோமீட்டர் போய் ஒன்பது திரும்புவதைப் பற்றி டீக்கடையில் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். என் கவனமெல்லாம் வடையில். வடை தீர்ந்ததும் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு, “சரி தம்பி, வாரேன்” என்றேன். அவர் முகம் அப்படியே மலர்ந்தது. நம் மேல் இந்த மனுஷனுக்கு எவ்வளவு பிரியம் என்று நினைத்துக்கொண்டே வீடு வந்து சேர்ந்தேன்.

காலை ஐந்து மணிக்கு வாசலில் நிற்கிறார். கோயில் ஒலிபெருக்கிகூட அப்போதுதான் தொண்டையைக் கனைத்துக்கொண்டிருந்தது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. “கெளம்பலாமாண்ணே? நேத்து வாரேன்னீங்கல்ல,” என்று அவர் சொன்னதும்தான் உறைத்தது. இரண்டு வருஷமாகக் காய்கறி வாங்க மட்டும் போட்டுப்போன ஷூவை நான் தேடிக்கொண்டிருக்கும்போது, போர்வைக்குள்ளிருந்து என் மனைவியின் குரல் வந்தது.

“ஓடப் போறீங்களா, ஓடிப் போறீங்களா? ரெண்டாவதுன்னா கேஸ் சிலிண்டர் புக் பண்ணிட்டுப் போங்க.”

உண்மையைச் சொல்லித் தப்பித்துவிடலாம் என்று வெளியே வந்தேன். தெருவில் அவருடைய மனைவியும் நின்றிருந்தார், கையில் குளுக்கோஸ் பிஸ்கட் பாக்கெட்டோடு. முந்தின மாதம் தனியாக ஓடப்போன தம்பி கரையில் மயங்கி விழுந்து, ஆடு மேய்க்க வந்தவர்கள் தூக்கி உட்கார வைத்திருக்கிறார்கள். அன்றிலிருந்து துணைக்கு ஆளில்லாமல் ஓடக்கூடாது என்று வீட்டில் உத்தரவு. அடுத்த மாதம் அவருக்கு ஒரு பந்தயம்; இந்த நீள ஓட்டம் ஓடாவிட்டால் பந்தயத்தை மறந்துவிட வேண்டியதுதான்.

“ஏழு பேர்ட்ட கேட்டாருண்ணே. நீங்க ஒருத்தர்தான் வாரேன்னு சொன்னீங்க,” என்று பாக்கெட்டை என் கையில் கொடுத்தார்.

வாயைத் திறந்தேன். குளிர் காற்று மட்டும் உள்ளே போனது.

கரையில் ஏறினால் பனிமூட்டம். யானைமலையைக் காணோம். அம்புட்டுப் பெரிய மலையே எழுந்து வராத காலையில் நான் எதற்கு வந்தேன் என்று யோசித்தபடி ஓடினேன். குரங்குக் குல்லாவைப் போட்டால் தலை வேகிறது, கழற்றினால் காது விறைக்கிறது. எனக்குக் குளிர்கிறதா வியர்க்கிறதா என்றே தெரியவில்லை. ஊட்டிக்காரன் பார்த்தால் சிரிப்பான். நாலாவது கிலோமீட்டரில் இடது முழங்கால் தனியாகப் பேச ஆரம்பித்தது. அதற்குமேல் தாங்காது என்று நின்றுவிட்டேன்.

“தம்பி, நேத்து நான் சொன்ன வாரேன், அந்த வாரேன் இல்ல. கெளம்புற வாரேன்.”

சிரிப்பார் என்று நினைத்தேன். “அப்படியாண்ணே. சரி, திரும்பிருவோம்,” என்றார். கோபம் இல்லை. குனிந்து ஷூ கயிற்றை அவிழ்த்து, திரும்பக் கட்டினார். அது ஏற்கெனவே நன்றாகத்தான் கட்டியிருந்தது. பிறகு இன்னொரு காலையும் அவிழ்த்தார்.

நான் கேட்டது கிடைத்துவிட்டது. வீடு, போர்வை, இட்லி எல்லாம் பின்னால் நாலே கிலோமீட்டரில். திரும்ப வேண்டியதுதான் பாக்கி. அங்கேதான் குழப்பம். கால் திரும்ப மாட்டேன் என்கிறது. முன்னால் போகவும் அதற்குத் தெம்பில்லை. என் காலா, கவுன்சிலரா?

“வந்தது வந்துட்டோம்,” என்றேன். யார் சொன்னது என்று நானே திரும்பிப் பார்த்தேன்.

மிச்சத்தை ஓடினேன் என்று சொன்னால் பொய். பாதி ஓட்டம், பாதி நடை, நடுநடுவே முனகல். மயக்கம் வந்தால் அவரைத் தாங்கிப் பிடிக்க வந்த ஆள் நான்; அவர்தான் ஒவ்வொரு மதகுக்கும் நின்று என் முகத்தைப் பார்த்தார். பாக்கெட்டில் அவர் தின்றது இரண்டு பிஸ்கட். மற்றது எங்கே போனது என்று கேட்காதீர்கள். திரும்பும்போது வெயில் வந்து மூட்டம் விலகியது. மலை நான் நினைத்த பக்கத்துக்கு நேர் எதிர்ப்பக்கம் கிடந்தது.

வாசலில் காத்திருந்த அவர் மனைவி முதலில் அவர் முகத்தைப் பார்த்தார், பிறகுதான் சிரித்தார். “அடுத்த ஞாயித்துக்கிழமை இருவத்தொரு கிலோமீட்டருண்ணே,” என்றார் தம்பி, பொதுவாகக் காற்றைப் பார்த்துச் சொல்வதுபோல.

நான் கிளம்ப வேண்டும். என்ன சொல்லிக் கிளம்புவது? அந்தப் பெண்ணின் முன்னால் ‘போறேன்’ என்று சொல்ல நாக்கு வராது. ‘பை’ சொல்லும் வயதா எனக்கு? கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கடைசியில் “வாரேன்” என்று வந்துவிட்டது.

“எந்த வாரேன்ணே?” என்றார் தம்பி.

எனக்குத் தெரிந்தால்தானே சொல்ல? நொண்டிக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். ஷூ பனியில் தொப்பலாக நனைந்திருந்தது. இந்தக் குளிரில் இது ஞாயிற்றுக்கிழமைக்குள் காயுமா என்று மனைவியிடம் கேட்டேன். அவள் ஷூவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். எடுத்துப்போய் மொட்டைமாடி வெயிலில் வைத்துவிட்டு வந்தாள்.