கைலாசம் ஆற்றில் விட்ட வாளை

மோகனூரில் கைலாசம் தூண்டிலோடு ஆற்றுப்பக்கம் போனாலே எங்கள் தெருவில் மசாலா அரைக்க ஆரம்பித்துவிடுவோம். பெரிய மீன் மாட்டினால் அக்கம்பக்கத்துக்குப் பங்கு உண்டு. முதல் பங்கு சென்னம்மாள் அக்காவுக்கு. தாயில்லாமல் வளர்ந்த அவனுக்குச் சோறு போட்டவள் அவள். கரும்பு லாரி ஓட்டித் தலையெடுத்த பிறகும் அந்த வழக்கத்தை அவன் விடவில்லை.

போன ஆடியில் அவனுக்கு இடுப்புயர வாளை மீன் ஒன்று மாட்டியது. அளந்து, செல்போனில் படம் பிடித்துவிட்டு, திரும்ப ஆற்றிலேயே விட்டுவிட்டான். அவனுடைய தூண்டில் கூட்டாளிகள் இப்போது அப்படித்தான் செய்கிறார்களாம். டீக்கடையில் வந்து சொன்னான். எவன் நம்புவான்? நானே நம்பவில்லை. குழம்புக்கு ஆகிற மீனை யாராவது விடுவார்களா? ஒண்டியாகத் தின்றுவிட்டுக் கதை அளக்கிறான் என்றது தெரு. அதையெல்லாம் அவன் தாங்கிக்கொண்டான். சென்னம்மாள் அக்கா பேச்சை நிறுத்தியதைத்தான் தாங்க முடியவில்லை. பாதி ஆளாக இளைத்துப் போனான்.

மடையன், நேரே போய்ப் பேசியிருக்கலாம். சேலத்துக்குப் போனான். அங்கே சர்ச்சுகளுக்கு ஃபைபரில் சொரூபம் செய்கிற கிறிஸ்துராஜிடம் படத்தையும் அளவையும் கொடுத்து, அதே வாளையைச் செய்து வாங்கி வந்தான். சும்மா சொல்லக் கூடாது, மீசையிலிருந்து வால் வரை அச்சு அசல். வாசல் சுவரில் மாட்டினான். வந்தது வினை. எத்தனை பெரிய மீனில் பங்கு போயிற்று என்று தெருவுக்கு அப்போதுதான் தெரிந்தது.

“இத்தாம்பெரிய மீனையா தின்னுபோட்டே? இதுல பாடம் பண்ணி வேற மாட்டியிருக்கறே” என்றான் பக்கத்து வீட்டுச் செங்கோடன்.

“ஃபைபருங்க” என்று கைலாசம் தட்டிக் காட்டினான். செங்கோடன் காதிலேயே வாங்கவில்லை.

சாயங்காலம் சென்னம்மாள் அக்கா வந்தாள். எத்தனையோ மீன் அரிந்த கை. சுவரிலிருந்த வாளையின் உப்பிய வயிற்றைத் தடவிப் பார்த்தாள்.

“சினையா இருந்துச்சா?”

“ஆமாங்கக்கா. உங்களுக்குக் கொண்டாரோணும்னுதான் நெனச்சேன். மனசு வரலீங்க.”

“நானா இருந்தாலும் உட்டுருப்பேன்.” மீனிலிருந்து கையை எடுத்தாள். “மீனுக்கா சாமி எனக்குக் கோவம்? டீக்கடையில போய்ச் சொன்னே. எங்கூட்டுக்கு வெறுங்கையோட வரப்படாதுன்னு உனக்கு ஆரு சொன்னா?”

சொல்லிவிட்டுத் தன் வீட்டுக்கு நடந்தாள். கைலாசம் செருப்பைக்கூடப் போடாமல் அவள் பின்னாலேயே போனான்.