அண்ணனோடு நான் போட்ட நிலாச் சண்டை

எங்கள் அண்ணன் மீனாட்சிபுரத்தில், தொழுவத்தில் எருமை கன்று போட்ட அதே காலையில் பிறந்தார். கன்றைப் பார்த்துவிட்டுத்தான் உறவினர்கள் அவரைப் பார்க்க வந்தார்களாம். எதிலும் யார் முதல் என்ற கேள்வி அவரைக் கடைசிவரை விடாததற்கு வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

அப்பா காலமானதும் பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டு, மாடு கறந்து என்னை அறிவியல் ஆசிரியையாக்கினார். சொசைட்டியில் பால் ஊற்றிய கையோடு ஊர் நூலகமான வாயனசாலைக்குப் போய், அறிவியல் புனைகதைப் புத்தகங்களாகத் தேடி எடுத்துவருவார். அந்த இலக்கியம் பிறந்து வளர்ந்த வரலாற்றை எழுதிவிட வேண்டும் என்பது அவர் ஆசை. நோட்டு வாங்கினார். முதல் பக்கத்திலேயே எங்களுக்குச் சண்டை வந்துவிட்டது.

பழங்காலக் கிரேக்கர் ஒருவர் கப்பலில் நிலாவுக்குப் போனதாக எழுதியதே முதல் கதை என்பார் அண்ணன். காற்றடித்துப் போன கப்பலில் அறிவியல் எங்கே வந்தது என்பேன் நான். ஆய்வுக்கூடத்தில் ஒருவன் உயிரை உண்டாக்குவதாக இருநூறு ஆண்டுகளுக்கு முன் ஓர் இளம்பெண் எழுதினாளே, அதுதான் முதல் என்பது என் கட்சி. பீரங்கியில் நிலாவுக்கு ஆள் அனுப்பிய பிரெஞ்சுக்காரரும், செவ்வாய்க்காரர்களைப் படையெடுக்க வைத்த ஆங்கிலேயரும், இதற்கென்றே பத்திரிகை தொடங்கிய அமெரிக்கரும் இரண்டாம் பக்கத்துக்காக வருடக்கணக்கில் காத்துக்கிடந்தார்கள்.

என் மகள் திருமணத்தில் தாய்மாமன் சீர் மண்டப வாசலோடு நின்றுவிட்டது. சீர் வராமல் முகூர்த்தம் நடக்காது.

"கிரேக்கர்தான் மொதல்னு ஒரு வார்த்தை சொல்லு அம்மிணி, தட்டு உள்ள வரும்."

"தட்டு அங்கயே இருக்கட்டுங்கண்ணா."

தோட்டத் தகராறா என்று சம்பந்தி பதறினார். "இல்லீங்க, நெலாத் தகராறுங்க" என்றார் என் கணவர். கடைசியில் மணப்பெண்ணே வாசலுக்கு வந்து, "மாமா, எனக்குக் கால் வலிக்குதுங்க" என்ற பிறகுதான் அண்ணன் அசைந்தார். அப்போதும் ஒப்புக்கொள்ளவில்லை.

அண்ணன் நோயில் படுத்த பிறகு, ஆஸ்பத்திரியில் ஒருநாள் காலை நான் அவருக்கு இட்லி ஊட்டிக்கொண்டிருந்தேன். "உன்ற கட்சியே மொதல்னு வெச்சுக்க அம்மிணி. நோட்டுல நீயே எழுதிப்போடு" என்றார்.

டாக்டர்கள் சொன்னபோதெல்லாம் எனக்குப் பயம் வரவில்லை. அப்போதுதான் வந்தது. "ஒத்துக்காதீங்கண்ணா, சண்டை போடுங்க" என்று அழுதேன். கண்ணை மூடியபடி சிரித்தார். மறுநாள் எங்களை விட்டுப் போய்விட்டார்.

ஆஸ்பத்திரியில் துணைக்கு இருந்தவர்களுக்கும், காரியம் முடியும்வரை பதினாறு நாளும் எங்கள் மாடுகளைக் கறந்து பால் ஊற்றிய அக்கம்பக்கத்தாருக்கும் குடும்பத்தார் அனைவரின் நன்றி. நோட்டில் நான் இன்னும் ஒரு வரிகூட எழுதவில்லை. அண்ணனின் இந்த நினைவு மலரைப் பெறுகிறவர்களில் கிரேக்கர் கட்சிக்காரர் யாரேனும் இருந்தால், தயவுசெய்து வீட்டுக்கு வாருங்கள். ஒரு தடவையாவது என்னை எதிர்த்துப் பேசுங்கள்.