இரண்டாம் வகுப்போடு நின்ற நாய்

கல்யாணமாகி இரண்டாவது வருடம் ஆஸ்டின் டவுனில் எங்கள் வீட்டுக்கு ஒரு நாய்க்குட்டி வந்தது. அறுபதுகளின் தொடக்கம் அது. கணவர் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர். நான் கண்டோன்மெண்டில் ஓர் அலுவலகத்தில் டைப்பிஸ்ட். அவரோடு வேலை பார்த்த ஒருவர் வீட்டு அல்சேஷன், ஏதோ தெருநாயோடு சேர்ந்து ஐந்து குட்டி போட்டிருந்தது. அதில் ஒன்றை இவர் துணிப்பைக்குள் வைத்து, சைக்கிள் ஹாண்டில்பாரில் மாட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். பைக்கு வெளியே தலை மட்டும் தெரிந்தது. ஒரு காது நிமிர்ந்திருந்தது, இன்னொன்று மடிந்திருந்தது. பெண் குட்டி. நல்ல பெயராக யோசித்து வைக்கலாம் என்று அதுவரைக்கும் ‘குட்டி’ என்று கூப்பிட்டோம். யோசித்துக்கொண்டே இருந்ததில் அது பெரிய நாயாகிவிட்டது. பெயர் அப்படியே நின்றுவிட்டது.

ஆறு மாதத்தில் அது செய்த அட்டகாசம் தெரு முழுக்கத் தெரியும். கொடியில் காய்ந்த சேலையை இழுத்துக்கொண்டு மூன்று வீடு தாண்டி ஓடும். பிடிக்கப் போனால் விளையாட வந்திருக்கிறோம் என்று நினைத்து இன்னும் வேகமாக ஓடும். கணவர் “உட்காரு” என்பார். பால்காரம்மா கன்னடத்தில் “கூத்கோ” என்பாள். எதிர்வீட்டு டெய்லர் தன் உருதுவில் “பைட்” என்பார். எல்லோரையும் ஒரே மாதிரி அன்பாகப் பார்த்து வாலை ஆட்டுமே தவிர, யார் சொன்னதற்கும் உட்கார்ந்ததில்லை.

கடைசியில் தபால்காரர்தான் எங்களை அசைத்தார். அவரைக் கண்டால் குட்டிக்கு அளவில்லாத சந்தோஷம். ஓடிப்போய் முன்னங்கால் இரண்டையும் அவர் மார்பில் வைத்து நிற்கும். ஒரு நாள் அவர் தன் காக்கிச் சட்டையில் பதிந்த சேற்றுக் கால் தடத்தைக் காட்டிப் பொறுமையாகச் சொன்னார்.

“கடிக்காதுன்னு எனக்குத் தெரியும்மா. ஆனா தெனம் சட்ட தொவைக்க முடியாது பாருங்க. இனிமே கடுதாசிய மூலக்கடையில குடுத்துட்டுப் போறேன். நீங்க அங்க வாங்கிக்குங்க.”

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. மாதா கோயிலில் பழக்கமான ஒரு பெண்ணிடம் இதைச் சொன்னபோது, அல்சூர் ஏரிக்குப் போகும் வழியில் ஒரு மைதானத்தில் ஞாயிறு காலையில் நாய்களுக்கு வகுப்பு நடக்கிறது என்றாள். அதை நடத்தியவர் ஐம்பது வயதுக்கு மேற்பட்ட ஆங்கிலோ இந்தியப் பெண்மணி. ராணுவ அதிகாரிகள் வீட்டு நாய்களைப் பழக்கியே பிழைத்தவர். பெரிய வைக்கோல் தொப்பியும் ஆண்கள் போடும் பூட்ஸுமாக மைதானத்தின் நடுவில் நிற்பார். கண்டோன்மெண்ட் தமிழில் வெளுத்துக்கட்டுவார். எல்லோருக்கும் அவர் ‘மிஸ்’.

வகுப்பில் சேர வேண்டுமானால் எங்கள் ஞாயிற்றுக்கிழமையையே மாற்ற வேண்டியிருந்தது. எட்டரை மணிப் பூசைக்குப் போகிறவர்கள் நாங்கள். இனி ஆறு மணிப் பூசைக்குப் போய்விட்டு, வீட்டுக்கு வந்து குட்டியைச் சங்கிலியில் பிடித்துக்கொண்டு எட்டு மணிக்குள் மைதானம் சேர வேண்டும். வாரத்தில் தூங்கக் கிடைப்பது அந்த ஒரு காலைதான் என்று கணவர் முனகினார். ஆனாலும் வந்தார்.

முதல் நாள் மிஸ் என்னைத்தான் முன்னால் கூப்பிட்டார். “சிட்” என்று சொல்லச் சொன்னார். சொன்னேன். குட்டி என் செருப்பை மோந்து பார்த்தது.

“உன் வாய்ஸ் எங்க?” என்று மிஸ் கேட்டார்.

இன்னொரு தடவை சொன்னேன்.

“நீ கேக்கறே. நாய்கிட்ட கேக்கக் கூடாது மை டியர், சொல்லணும். உட்காருறியாம்மான்னு கேட்டா அது யோசிக்கும். உட்காருன்னா உட்காரும். கத்தாதே. வயித்துலருந்து சொல்லு.”

சின்ன வயதிலிருந்து எனக்குக் கிடைத்த புத்தியெல்லாம் மெதுவாகப் பேசு என்பதுதான். அலுவலகத்தில்கூட எதிர் மேஜைக்குக் கேட்காது என் பேச்சு. அந்த வாரம் முழுவதும் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு வயிற்றிலிருந்து சொல்லிப் பழகினேன். மூன்றாவது ஞாயிறு, பனி இன்னும் விலகாத மைதானத்தில், நான் “சிட்” என்றேன். குட்டி சட்டென்று உட்கார்ந்து, முதலிலேயே இப்படிச் சொல்லியிருக்கக் கூடாதா என்பதுபோல என்னைப் பார்த்தது. நான் ஸ்வெட்டரோடு அதைக் கட்டிக்கொண்டேன். மிஸ் அதற்கும் திட்டினார்.

அதற்கு மறுவாரம் அலுவலகத்தில் தலைமை குமாஸ்தா ஐந்து மணிக்கு ஒரு கட்டுக் காகிதத்தைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தார். வழக்கமாக வாய் பேசாமல் ஏழு மணிவரை உட்கார்ந்து அடித்துக் கொடுத்துவிட்டுப் போவேன். அன்றைக்கு, “இன்னைக்கு முடியாது சார். நாளைக்குக் காலையில மொத வேலையா முடிச்சுத் தர்றேன்” என்றேன். சொன்ன பிறகுதான் அது மைதானத்துக் குரல் என்று எனக்கே தெரிந்தது. அவர் என்னை ஏறிட்டுப் பார்த்தார். “சரிம்மா, நாளைக்கே ஆகட்டும்” என்று கட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

எட்டு ஞாயிற்றில் முதல் வகுப்பு முடிந்தது. குட்டி உட்காரும், நிற்கும், கூப்பிட்டால் வரும், சங்கிலியை இழுக்காமல் இடது காலோடு ஒட்டி நடக்கும். தபால்காரர் திரும்ப வாசலுக்கு வர ஆரம்பித்தார். அவரைக் கண்டதும் அது உட்கார்ந்துகொள்ளும். பின்பக்கம் முழுவதும் ஆடும், ஆனால் தரையை விட்டு எழாது.

“போதும்” என்றார் கணவர். “நமக்கு வேண்டியது வந்துடுச்சு. வர்ற ஞாயித்துக்கெழம தூங்கலாம்.”

“மிஸ் ரெண்டாவது வகுப்புக்கு வரச் சொல்றாங்க. அப்புறம் மூணாவது. அத முடிச்சா நாய்க் கண்காட்சியில போட்டிக்கு விடலாமாம். கீழ்ப்படியற போட்டியில எந்த ஜாதி நாயின்னு பாக்க மாட்டாங்களாம்.”

“கண்காட்சிக்குப் போய் என்ன பண்ணப் போறோம்?”

என்ன பண்ணப் போகிறோம் என்று எனக்குத் தெரியும். மிஸ் வீட்டு ஜன்னலில் வெள்ளிக் கோப்பைகள் வரிசையாக இருந்ததைப் பார்த்திருந்தேன். பள்ளிக்கூடத்தில் ஓட்டத்திலோ பாட்டிலோ பேச்சிலோ எனக்கு ஒரு பென்சில்கூடப் பரிசாகக் கிடைத்ததில்லை. எங்கள் ரேடியோப் பெட்டியின் மேல் இருந்த பூ ஜாடியை எதற்கும் இருக்கட்டும் என்று ஒதுக்கி, ஒரு கோப்பை வைக்கிற அளவுக்கு இடம் பண்ணி வைத்திருந்தேன். இதை அவரிடம் சொல்லவில்லை. இரண்டாம் வகுப்பு முடியட்டும், அதற்கப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒப்பந்தமானது.

இரண்டாம் வகுப்பில் ஐந்தே நாய்கள். அவற்றில் நீளக் காதுகளோடு பழுப்பு நிறத்தில் ஒன்று இருந்தது. அதைக் கொண்டுவந்தவர் ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்ற தமிழர், தனிக்கட்டை. அந்த நாயை வளர்த்த குடும்பம் கப்பலேறி ஆஸ்திரேலியாவுக்குப் போய்விட்டது. போகிற அன்று அதை இவர் கையில் கொடுத்துவிட்டுப் போனார்களாம். நான்கு வயது நாய். சொன்னதையெல்லாம் செய்யும், ஒன்றைத் தவிர. கார்டு கண்ணுக்குத் தெரிகிறவரைக்கும்தான் அதற்கு நிம்மதி. அவர் ஒரு மரத்துக்குப் பின்னால் போனாலும் நடுங்க ஆரம்பித்துவிடும்.

“கடைக்குப் போக முடியல, குளிக்கப் போக முடியல” என்பார். “குளியலறைக் கதவுக்கிட்ட ஒக்காந்து அழுவுது. நான் உள்ளேருந்து பேசிக்கிட்டே குளிக்கிறேன்.”

இரண்டாம் வகுப்பின் கடைசிப் பரீட்சை அதுவாகத்தான் அமைந்தது. நாய்களை வரிசையாகப் படுக்க வைத்து “ஸ்டே” சொல்லிவிட்டு, சொந்தக்காரர்கள் எல்லோரும் மைதானத்து ஓரத்தில் இருந்த பம்ப் அறைச் சுவருக்குப் பின்னால் போய்விட வேண்டும். மூன்று நிமிடம். எந்த நாய் இடத்தை விட்டு நகர்கிறதோ அது தோற்றது.

எங்கள் குட்டிக்கு அது கைவந்த வித்தை. வீட்டில் ஐந்து நிமிடம் படுத்திருக்கும். நான் தைரியமாகச் சுவருக்குப் பின்னால் போனேன். சுவரில் செங்கல் பெயர்ந்த இடத்தில் ஓட்டை ஒன்று இருந்தது. அதில் கண்ணை வைத்துக்கொண்டேன். கார்டு எனக்குப் பக்கத்தில் தலையைக் குனிந்து, கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார்.

ஒரு நிமிடம் ஆவதற்குள் பழுப்பு நாய் அழத் தொடங்கியது. எழுந்திருக்கவில்லை, பாவம். சொன்ன சொல்லைக் காப்பாற்றிக்கொண்டே மோவாயைத் தரையில் அழுத்தி, மெல்லிய குரலில் விடாமல் அழுதது. மற்ற நாய்கள் காதை மடக்கிக்கொண்டு பேசாமல் கிடந்தன. குட்டி மட்டும் தலையைத் திருப்பி அதைப் பார்த்தது. பிறகு நான் மறைந்த சுவரைப் பார்த்தது. மறுபடி அதைப் பார்த்தது.

“வேணாம்” என்று நான் சுவருக்குப் பின்னால் இருந்து முணுமுணுத்தேன்.

அது எழுந்திருக்கவில்லை. படுத்த வாக்கிலேயே, வயிறு புல்லில் உரச, ஒவ்வொரு அடியாக நகர்ந்தது. நடுவில் இருந்த இரண்டு நாய்களைச் சுற்றிக்கொண்டு போய், பழுப்பு நாயின் விலாவோடு விலா ஒட்டிப் படுத்தது. அப்புறம் முகத்தை நேராக வைத்துக்கொண்டு, ஒன்றுமே நடக்காத மாதிரி சுவரைப் பார்த்தது. அழுகை நின்றுவிட்டது. மீதி நேரம் முழுவதும் இரண்டும் அசையாமல் கிடந்தன.

மிஸ் விசில் ஊதினார். பழுப்பு நாய் தேறியது. குட்டி தோற்றது.

கார்டு தன் நாயின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். எனக்குச் சிரிப்பும் வந்தது, வயிறும் எரிந்தது. மிஸ் என்னிடம் வந்து தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டார்.

“தப்பு தப்புதான். மார்க் கிடையாது” என்றார். “ஆனா ஒண்ணு கேளு. அதுக்கு ரூல் தெரியும். தெரிஞ்சுதான் ஒடைச்சுது. ஆறு ஞாயிறு குடு, அந்தப் பழக்கத்தை எடுத்துடறேன். பக்கத்துல எவன் செத்தாலும் திரும்பிப் பாக்காது. அப்புறம் மூணாம் கிளாஸ், அப்புறம் கப்பு. இவ கட்டாயம் கப்பு வாங்குவா, நான் சொல்றேன். எடுக்கணுமா, வேணாமா? வீட்டுக்குப் போய் ரெண்டு பேரும் பேசிட்டு வா.”

வீடுவரைக்கும் பொறுக்கவில்லை. வழக்கமாக மசால் தோசை சாப்பிடும் ஓட்டலுக்கு வெளியே, குட்டியைக் கம்பத்தில் கட்டிவிட்டு, அதைப் பார்க்கிற மாதிரி ஜன்னலோரம் உட்கார்ந்தோம். இவர் போதும் என்று சொல்லப் போகிறார், நான் என்ன பதில் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

“சேத்துடலாம்” என்றார்.

“என்னத்த?”

“ஆறு ஞாயிறுதான? போயிட்டு வரலாம். ரேடியோ மேல எடம் ஒழிச்சு வெச்சிருக்கியே, எனக்குத் தெரியாதா?”

எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. தோசையைப் பிட்டேன், சாப்பிடவில்லை. ஜன்னலுக்கு வெளியே குட்டி, போகிற வருகிறவர்களையெல்லாம் நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு குழந்தை தடுக்கி விழுந்து அழுதது. குட்டி சங்கிலி எட்டுகிற தூரம்வரைக்கும் போய், கழுத்தை நீட்டி அதன் கையை நக்கியது. குழந்தையின் அம்மா பயந்து பின்வாங்கி, பிறகு சிரித்துவிட்டாள்.

“வேணாங்க” என்றேன்.

“கப்பு?”

“கப்பு வேணுந்தான். ஆனா அவங்க எதை எடுக்கறேன்னு சொன்னாங்கன்னு கேட்டீங்களா? எடுத்துட்டா நமக்கு என்ன மிஞ்சும்? ஒரு காது மடிஞ்ச நாயும் ஒரு கப்பும்.”

அவர் ஜன்னல் வழியாகக் குட்டியைப் பார்த்தார். பிறகு என் தட்டில் இருந்த தோசையில் பாதியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, “அப்ப வர்ற ஞாயித்துக்கெழம தூங்கலாம்” என்றார்.

மறுநாள் சாயங்காலம் மிஸ்ஸின் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். நிமிர்ந்து நின்று, வயிற்றிலிருந்தே சொன்னேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. “குட் கேர்ள்” என்றார். குட்டியைச் சொன்னாரா, என்னைச் சொன்னாரா என்று இன்றுவரை தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை தூங்க முடிந்ததா என்றால், இல்லை. அந்த வாரமே காலை ஏழரைக்கு வாசலில் கார்டு நின்றார். பழுப்பு நாய் கூட நின்றது. வைட்ஃபீல்டில் அவருடைய அக்கா இருந்தார். நாய் வந்ததிலிருந்து அங்கே போக முடியவில்லையாம்.

“அன்னைக்கு உங்க நாய் பக்கத்துல இருந்தப்ப அழல பாருங்க” என்றார் தயங்கிக்கொண்டு. “ஒரு ரெண்டு மணி நேரம் இங்க விட்டுட்டுப் போகட்டுமாம்மா? அழுதா ஒடனே வந்துடறேன்.”

இரண்டு மணி நேரத்தில் வைட்ஃபீல்டுக்குப் போய்வர முடியாது என்று அவருக்கும் தெரியும். முதல் தடவை பேருந்து நிறுத்தம்வரைக்கும் போய், அங்கே அரைமணி உட்கார்ந்துவிட்டுத் திரும்பி வந்தார். பழுப்பு நாய் வாசலையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தது. விலாவோடு ஒட்டிக் குட்டி கிடந்தது. அடுத்த வாரம் ஒரு மணி நேரம். அதற்கடுத்த வாரம் அல்சூர்வரைக்கும். அவர் ஒவ்வொரு தடவையும் திரும்பி வந்தார். அந்த நாயும் ஒவ்வொரு தடவையும் அதைப் பார்த்தது.

இரண்டு மாதம் கழித்து ஒரு ஞாயிறு அவர் நிஜமாகவே வைட்ஃபீல்டுக்குப் போய், அக்கா வீட்டில் மதியச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டு, வெயில் தாழ்ந்த பிறகு வந்தார். கையில் அக்கா கொடுத்த கேக் பொட்டலம். பேருந்தை விட்டு இறங்கி ஓடி வந்திருக்க வேண்டும், மூச்சு வாங்கியது. பின்பக்கம் முற்றத்தில் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சரிந்து தூங்கிக்கொண்டிருந்தன. அவர் தொண்டையைச் செருமினார். பழுப்பு நாய் ஒரு கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தது. வாலைத் தரையில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, மறுபடி கண்ணை மூடிக்கொண்டது.

கார்டு எங்கள் பக்கம் திரும்பினார்.

“என்னைத் தேடவே இல்லியா?” என்று கேட்டார். குரலில் லேசாக மனத்தாங்கல் இருந்தது.

“தேடல” என்றார் கணவர். “உக்காருங்க, டீ போடச் சொல்றேன்.”

கார்டு உட்கார்ந்தார். பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டே சிரிக்கத் தொடங்கியவர், நான் டீ கொண்டுவரும்வரைக்கும் நிறுத்தவில்லை.